கடைக்குத் திருட்டு பயமா? ஷட்டர் வேலைக்காரரிடம் கேளுங்கள்

மதுரைப் பக்கம் கடைகளுக்கு ஷட்டர், கிரில், லாக்கர், கேமரா மாட்டுவது என் தொழில். திருட்டு நடந்த மறுநாள் காலை போலீசுக்கு அடுத்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி கேமரா வாங்கலாம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

மளிகைக்கடை, திண்டுக்கல்: அண்ணே, ஷட்டருக்கு இரண்டு ஓரமும் பெரிய பூட்டாகப் போட்டிருக்கிறேன். போதுமா?

பூட்டை யார் தம்பி உடைக்கிறார்கள்? பத்தடி ஷட்டரில் இரண்டு ஓரமும் பூட்டினால் நடுப்பகுதியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அடியில் கடப்பாரையை விட்டு நெம்பினாலோ, கார் ஜாக்கியை வைத்து ஏற்றினாலோ, தகடு வளைந்து ஓர் ஆள் படுத்து நுழைய இடம் கொடுத்துவிடும். காலையில் வந்து பார்த்தால் இரண்டு பூட்டும் அப்படியே இருக்கும். நடுவில் தரையோடு ஒரு சென்டர் லாக் போடுங்கள், அதன் கொண்டியை டைல்ஸ் மேல் ஸ்க்ரூ வைத்து முடுக்க விடாதீர்கள், டைல்ஸை வெட்டிக் கான்கிரீட்டில் புதைக்கச் சொல்லுங்கள். பூட்டின் வளையம் குட்டையாக இருக்கட்டும், நீளமாக வெளியே தெரிந்தால் கட்டர் வாய்க்கு வசதி.

அப்புறம், முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒருமுறை கடையைச் சுற்றி வாருங்கள். 2019 அக்டோபரில் திருச்சியில் அவ்வளவு பெரிய நகைக்கடையில் சுவரில் ஓட்டை போட்டுத்தான் உள்ளே போனார்கள், பின்பக்கம் பள்ளிக்கூட வளாகம், ராத்திரி ஆள் நடமாட்டம் கிடையாது. உங்கள் கடைக்குப் பின்னால் காலி மனையா? கூரை ஆஸ்பெஸ்டாஸா? எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குக் கம்பி இருக்கிறதா? ஷட்டருக்குச் செலவழிக்கும் காசில் பாதியை அங்கே போடுங்கள்.

மெடிக்கல் ஷாப், தாம்பரம்: இரவு பதினொரு மணி வரை தனியாக இருக்கிறேன் சார். கத்தியைக் காட்டிக் கல்லாவைக் கேட்டால்?

கொடுத்துவிடுங்கள். பேரம் வேண்டாம், வீரமும் வேண்டாம், பைக்கில் துரத்துவது கூடவே கூடாது. கொடுக்கும்போது கல்லாவில் கொஞ்சம்தான் இருக்க வேண்டும், நம் கையில் இருப்பது அது ஒன்றுதான். உண்டியல் மாதிரி மேலே துவாரம் வைத்த இரும்புப் பெட்டி ஒன்றைத் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, ஐநூறு ரூபாய் நோட்டு வர வர அதில் தள்ளிவிடுங்கள். சாவி கடையில் இருக்கக்கூடாது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் டானிக் விளம்பரங்களைக் கிழித்தெறியுங்கள், ரோட்டில் போகிறவருக்குக் கவுண்டர் தெரிய வேண்டும்.

அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு 100 அல்லது 112. கைரேகை ஆட்கள் வரும்வரை எதையும் தொடாதீர்கள். கவுண்டரைத் துடைத்து, சாமி படத்துக்குப் பூவும் போட்டுவிட்டுப் பிறகு போலீசைக் கூப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேக்கரி, சேலம்: எந்தக் கேமரா நல்லது?

மேலே எழுதியிருக்கிறேன்.

ஜவுளிக்கடை, ஈரோடு: எட்டு கேமரா இருந்தும் திருடன் முகம் தெரியவில்லை. ஏன்?

எட்டும் கூரையை ஒட்டி இருக்கும். அங்கிருந்து தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். வாசலில் ஒரு கேமராவையாவது முகத்துக்கு நேராக ஐந்து, ஐந்தரை அடி உயரத்தில் வையுங்கள், வெளிவெளிச்சம் லென்ஸில் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுப் படத்தில் வெள்ளையாக நூல் நூலாக ஆடுகிறதா? சிலந்தி வலை. கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் படத்தையே மறைத்துவிடும். ஒட்டடைக் குச்சி போதும், சர்வீஸ் ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே வைக்காதீர்கள், அது தெரிந்தவன் அதையும் தூக்கிக்கொண்டுதான் போவான். பரணிலோ பூட்டிய அலமாரியிலோ வைத்து, ஒரு பதிவு இணையம் வழியாக வெளியேயும் போகட்டும். 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களை கேஸ் கட்டரால் அறுத்த கும்பல், கேமராவுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தது. பெட்டியின் கடிகாரத்தையும் சரி பாருங்கள். மணி தப்பாக ஓடினால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

ஹார்டுவேர் கடை, தேனி: ராத்திரி ஷட்டரில் லேசாகக் கரண்ட் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

உங்கள் வேலையும் முடிந்தது. வேண்டவே வேண்டாம். வரிசைக் கடைகளில் உங்கள் ஷட்டர் ஓடும் சேனலும் பக்கத்துக் கடைக்காரர் சேனலும் பல இடத்தில் ஒரே இரும்பில் நிற்கும். விடிகாலை அவர் கை வைப்பார், பேப்பர் போடும் பையன் கை வைப்பான், மழைக்கு ஒதுங்குகிறவர் சாய்வார்.

அதே தேனி: தற்காப்பு உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இரவில் கதவை உடைத்து வருகிறவனைக் கொன்றாலும் குற்றமில்லை.

ஹோட்டல், காரைக்குடி: அவர் சொல்வது சரிதானே அண்ணே, நாம் மட்டும் அடி வாங்க வேண்டுமா?

சரி, சட்டத்துக்கே வருவோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு அப்படி ஒரு உரிமையைத் தருகிறதுதான். ஆனால் 37-ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள், காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது. நீங்கள் வீட்டில் தூங்கும்போது வந்தவன் திருடனா, நாய் துரத்தி ஓடிவந்தவனா என்று கம்பிக்கு எப்படித் தெரியும்? காட்டுப்பன்றிக்கு வேலி வைத்து மனிதன் செத்து, விவசாயி ஜெயிலுக்குப் போன செய்தியை நீங்கள் படித்ததே இல்லையா?

அதே தேனி: குறைந்த வோல்டேஜில்...

கரண்ட் பேச்சு இத்தோடு போதும். அதிர்வுக்குக் கத்தும் சைரன் வாங்கி மாட்டுங்கள், போனுக்கும் அழைப்பு வரும்.

டீக்கடை, விழுப்புரம்: பணம் அனுப்பியதாகப் போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிறார்கள்.

என் துறை இல்லை. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். சவுண்ட் பாக்ஸ் சொன்னால் மட்டும் வடையைக் கொடுங்கள்.

அடகுக்கடை, தஞ்சாவூர்: வேலையாட்களை எவ்வளவு நம்பலாம்?

2022 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கம் நகைக்கடன் நிறுவனக் கொள்ளையில் கைதானவர்களில் முக்கியமானவர் அந்த நிறுவன ஊழியரே. அதனால் எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. லாக்கர் இரண்டு சாவியில் திறக்கட்டும், இரண்டும் ஒரே ஆள் கையில் போகக்கூடாது. ஆள் வேலையை விட்டு நின்றால் அன்றே பூட்டை மாற்றுங்கள், சாவியைத் திரும்ப வாங்கியது கணக்கில்லை, நகல் போட எவ்வளவு நேரம் ஆகும்? இன்னொன்று, 2021 ஜனவரியில் ஓசூரில் துப்பாக்கி முனையில் 25 கிலோ நகையை அள்ளிப் போனவர்கள் மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிபட்டார்கள், நகையோடு போன ஜிபிஎஸ் கருவி காட்டிக்கொடுத்தது. உங்களுக்கு அது கட்டுப்படியாகும்.

செருப்புக்கடை, நாகர்கோவில்: எட்டாயிரத்துக்குள் நல்ல கேமரா கம்பெனி சொல்லுங்கள்.

அய்யா, கெஞ்சிக் கேட்கிறேன்.

பாத்திரக்கடை, கும்பகோணம்: இன்சூரன்ஸ் இருக்கிறது, பயமில்லை.

பாலிசியை எடுத்துப் படியுங்கள் அம்மா. பலவந்தமாக உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் திருட்டு பாலிசி பணம் தரும், 2004-இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. மாற்றுச்சாவி போட்டுத் திறந்தால் சிக்கல். மூடிய கடையின் கல்லாவில் விட்ட ரொக்கம் பொதுவாகச் சேராது, பூட்டிய லாக்கரில் இருக்க வேண்டும். வேலையாள் எடுத்தால் அதற்குத் தனி பாலிசி. இருப்புப் புத்தகமும் கடையோடு போய்விட்டால் என்ன காட்டுவீர்கள்? தினமும் ஒரு போட்டோ எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள்.

அரிசி மண்டி, காங்கேயம்: வசூலை இரவு ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

தினமும் அதே நேரம், அதே வழி, அதே மஞ்சள் பை, இல்லையா? பலருக்கு ஷட்டரை விட அந்த இரண்டு கிலோமீட்டர்தான் ஆபத்து. பகலிலேயே இரண்டு தடவை பேங்கில் கட்டுங்கள், டெபாசிட் மெஷின் இருக்கிறது. மீதியைக் கொண்டுபோகும் நாளில் நேரத்தை மாற்றுங்கள், கூட ஓர் ஆள். வழியில் யாராவது "அண்ணே, சட்டையில் ஏதோ அசிங்கம்" என்றாலும், காலடியில் பத்து ரூபாய் நோட்டு கிடந்தாலும் வண்டியை நிறுத்தாதீர்கள். சட்டையை வீட்டில் போய்க் கழுவிக்கொள்ளலாம்.