நெல் ஊறவைத்த நீரைத் தென்னைக்கு விடலாமா?

சம்மாந்துறையில் உள்ள உங்கள் ஆலையில் புழுங்கல் அரிசிக்காக நெல் ஊறவைத்த நீரைத் தென்னைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே விடாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஊறிய நீர் மஞ்சளித்து, நுரைத்து, புளித்த வாடை அடிக்கும். நெல்லிலிருந்து கரைந்த மாப்பொருளும் சர்க்கரையும் நொதிப்பதால் வருவது அது. அந்த நீர் வழிந்து வாய்க்காலில் கலந்தால், அந்த மாப்பொருளையும் சர்க்கரையையும் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனையும் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத்திணறிச் சாகும். களப்பை நம்பிப் பிழைக்கும் நம் மாவட்டத்தில் இது சின்ன விடயமல்ல.

பதரையும் உமியையும் வடிகட்டிச் சுண்ணாம்பு இடுங்கள். புளிப்புத் தணியும், நெல்லிலிருந்து கரைந்த பொசுபரசு என்ற தாதுச்சத்தின் பெரும்பகுதி அடியில் படியும். பிறகு காற்றுப்புகாத தொட்டியில் நொதிக்கவிட்டால் எரிவாயுவும் கிடைக்கும். அடுத்து காற்றூட்டும் குளம். அங்கே தெளிந்த நீரைப் பரிசோதித்துத் தென்னைக்கோ புல்லுக்கோ விடலாம், கீரைக்கு வேண்டாம்.

நானாக இருந்தால் ஊறவைக்கும் முறையைத்தான் முதலில் மாற்றுவேன்: 60–70 பாகை வெந்நீரில் சில மணி நேரம் போதும், நாற்றமும் வெகுவாகக் குறையும்.