விடுமுறை வந்தால் க்வில்ட் மூலைக்குப் போய்விடுகிறதே!

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குப் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். துணித் துண்டுகளை இணைத்துச் சுவரில் மாட்டும் ஓவியம்போல ஒரு க்வில்ட் செய்ய ஆசைப்பட்டு, ஆறடி அகலத்தில் மழைக்கால வானம் ஒன்றைத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசைதான் என் வேலையிடம். பள்ளி விடுமுறை வந்தாலும், பண்டிகைக்கு உறவினர்கள் வந்து தங்கினாலும் எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் போட வேண்டியிருக்கிறது. மறுபடி எடுக்கும்போது எந்தத் துண்டை எங்கே வைக்க நினைத்தேன் என்பதே மறந்துவிடுகிறது. இரண்டு வருடமாக இதே கதைதான். "போர்த்திக்கொள்ளவும் முடியாத போர்வைக்கு இவ்வளவு பாடா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பிள்ளைகள் வளரும்வரை மூட்டை கட்டி வைத்துவிடட்டுமா? இன்னொரு சின்னக் கேள்வி: வானத்தின் அடிவாரத்தில் அடர் சிவப்புத் துணி வைத்திருக்கிறேன். சாயம் போகுமோ என்று பயம். முடிந்தபின் துவைக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூட்டை கட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தில் "நேரமே இல்லை" என்று ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை, கவனித்தீர்களா? "மறந்துவிடுகிறது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள். குடும்பத்துக்கு நடுவில் தைக்கிறவர்களுக்கு வேலை நின்றுபோவதால் பெரிய நஷ்டம் இல்லை. நின்ற வேலைக்குள் திரும்ப நுழைவதற்குத்தான் சக்தியெல்லாம் போகிறது. ஆகவே, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி, சிரமமில்லாமல் மறுபடி தொடங்குகிற மாதிரி வேலையை அமைத்துக்கொள்வதுதான் வழி.

கலை க்வில்டில் இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஒன்று முடிவெடுப்பது: இந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் எந்த நீலம், மேகத்தின் விளிம்பை எங்கே உடைப்பது என்பதெல்லாம். இன்னொன்று கைவேலை: வெட்டுவது, இணைப்பது, இஸ்திரி போடுவது, மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது. முடிவெடுக்க அமைதியும் தள்ளி நின்று பார்க்க இடமும் வேண்டும். கைவேலையைப் பேச்சுக்கு நடுவிலும் செய்யலாம். நீங்கள் இரண்டையும் ஒரே மேசையில், ஒரே அமர்வில் கலந்து செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் மேசை போனால் யோசனையும் சேர்ந்து போய்விடுகிறது.

யோசனையை மேசையிலிருந்து சுவருக்கு மாற்றுங்கள். க்வில்ட் செய்கிறவர்கள் பலரும் வைத்திருக்கும் ஏற்பாடுதான் இது. மெத்தென்ற வெள்ளை ஃபிளானல் துணி ஒன்றையோ, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பில் ஒரு துண்டையோ சுவரில் தொங்கவிட்டால், பருத்தித் துண்டுகள் பசையோ ஊசியோ இல்லாமலே அதில் ஒட்டி நிற்கும். சுவர் கிடைக்காவிட்டால் அலமாரிக் கதவு போதும். விருந்தினர் வருகிறார்கள் என்றால் துண்டுகளைக் குண்டூசியால் குத்தி, மேலே ஒரு பழைய துணியைப் பரப்பி, அட்டைக் குழாயில் சுருட்டி நிறுத்திவிடலாம். வைத்த இடம் மாறாது. மடிக்க மட்டும் மடிக்காதீர்கள். மாதக்கணக்கில் கிடந்தால் மடிப்புக்கோடு துணியில் பதிந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்.

சுருட்டுவதற்கு முன் இரண்டு காரியம். முதலில் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அதைக் கருப்பு வெள்ளையாகவும் மாற்றிப் பாருங்கள். நிறத்தின் மயக்கம் போய், எது வெளிர், எது அடர் என்பது மட்டும் தெரியும். மேகமும் வானமும் ஒன்றோடொன்று கரைந்துபோயிருந்தால் அங்கேதான் அது அகப்படும். மழைக்கால வானத்துக்கு இது மிகவும் தேவை, ஏனென்றால் அங்கே நிறங்கள் குறைவு, ஒளியின் அளவுதான் படத்தையே சுமக்கிறது. அடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதி க்வில்டிலேயே குத்திவையுங்கள். "அடுத்து: இடது மூலையில் இன்னும் கொஞ்சம் கருத்த சாம்பல், மேலிருந்து மூன்றாவது பட்டை." முழுத் திட்டம் எழுத வேண்டியதில்லை, அடுத்த அடி மட்டும் போதும். அந்த வரி இருந்தால் மறதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை பாதியாகிவிடும்.

இப்போது அந்த ஆறடி அகலத்துக்கு வருகிறேன். உங்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். வீட்டுத் தையல் மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சாண்கூட இருக்காது. ஆறடித் துணியை, அதுவும் பஞ்சோடும் அடித்துணியோடும் சேர்த்து, அந்தச் சந்துக்குள் சுருட்டித் திணித்துத் தைப்பது தோளை ஒடிக்கும் வேலை. அந்த வானத்தைப் பகுதிகளாகப் பிரித்துவிடுங்கள். 12 அங்குல அகலத்தில் ஆறு நெடும் பட்டைகள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பட்டையும் ஒரு தனி வேலை. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பஞ்சும் அடித்துணியும் வைத்து மேல்தையலை முடித்துவிட்டு, கடைசியில் பக்கத்துப் பக்கமாக இணைத்து, பின்புறம் இணைப்பின் மேல் ஒரு துணிப்பட்டை வைத்துக் கையால் தைக்கலாம். விளிம்பில் ஓர் அங்குலம் தைக்காமல் விட்டுவைத்தால்தான் இணைப்பது எளிது. இன்னொரு வழி, பட்டைகளை இணைக்காமலே சிறு இடைவெளி விட்டு வரிசையாக மாட்டுவது. மழை வானத்துக்கு அந்த இடைவெளி ரொம்பப் பொருத்தமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அதோடு, வருடத்தில் ஒரு பட்டையாவது முடிந்து சுவரில் ஏறினால் மனசுக்குத் தெம்பு. இரண்டு வருடம் ஒன்றுமே முடியாமல் கிடப்பதுதான் கையைத் தளரவைக்கிறது.

இப்படி வாழ்க்கைக்கு ஏற்ப வேலையின் வடிவத்தை மாற்றிக்கொள்வது கலைக்குக் குறைவு என்று நினைக்காதீர்கள். அமெரிக்க ஓவியர் ஃபெயித் ரிங்கோல்ட் ஓவியச் சட்டங்களை விட்டுத் துணிக்கு மாறியதற்கு ஒரு காரணம், துணியைச் சுருட்டி எடுத்துப்போகலாம் என்பது. அவருடைய முதல் க்வில்டை 1980-ல் தையற்கலைஞரான தன் தாயோடு சேர்ந்துதான் செய்தார். நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற க்வில்ட் இருக்கிறது. அடித்துணியின் ஓரத்தில் ஒரு மூலையில் தொடங்கி, பழைய துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே ஓட்டுத் தையலால் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். துண்டை இணைப்பது, அடுக்குகளைச் சேர்ப்பது, மேல்தையல் எல்லாம் ஒரே ஊசியில் நடந்துவிடுகிறது. மெஷினும் வேண்டாம், மேசையும் வேண்டாம். எந்தத் தையலில் நிறுத்தினாலும் அங்கிருந்தே தொடரலாம். பெரிய வானம் பெட்டியில் இருக்கும் காலத்தில் இந்த முறையில் ஒரு சிறிய சதுரம் தைத்துப் பாருங்கள். கைக்கு ஓய்வும் இருக்கும், பழக்கமும் விடாது.

விடுமுறைக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அது ஆயத்தத்துக்கான வாரம். கையால் தைக்க வேண்டிய ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, மூன்று அடுக்கையும் பெரிய தையல்களால் கோத்து, கோடு வரைந்து, நூல், ஊசி, விரல் கவசம், சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் சேர்த்து ஒரு பையில் போட்டுவிடுங்கள். வீடு நிறைய ஆள் இருக்கும்போது அந்தப் பையைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். பேசிக்கொண்டே நாலு வரி ஓட்டுத் தையல் போட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பண்டிகை நாளில் அதுவும் வேண்டாம். அன்றைக்குத் தைக்கவில்லை என்று மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கட்டாயம் யாராவது அந்த யோசனையைச் சொல்வார்கள். உங்கள் வானத்துக்குள் அவர்களைச் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. அவர்களுக்கென்று தனியாக ஒரு துண்டுத் துணிப் பெட்டியும், மழுங்கிய முனைக் கத்தரிக்கோலும், துணிப்பசையும் கொடுங்கள். அவர்கள் செய்வது அவர்களுடைய வேலையாக இருக்கட்டும், நீங்கள் திருத்தவும் வேண்டாம். உங்கள் வேலை உங்களுடையதாகவே இருக்க வேண்டும். அம்மாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதை அனுமதி கேட்டுத்தான் தொட வேண்டும் என்று பிள்ளைகள் பார்த்து வளர்வது நல்லதுதான். துணி வெட்டும் சக்கரக் கத்தி வைத்திருந்தால், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அலகை மூடுவதைப் பழக்கமாக்குங்கள், அடுத்த வெட்டு அரை நிமிடத்தில் என்றாலும்கூட.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு உடனே வானத்தைப் பிரித்து முடிவெடுக்க உட்காராதீர்கள். கை சூடேற வேண்டும். மெஷினைத் துடைத்து, புது ஊசி மாட்டி, இரண்டு மூன்று பாபினில் நூல் சுற்றிவையுங்கள். மிஞ்சிய துண்டுகளைக் கால் அங்குல ஓரம் விட்டு இணைத்துக்கொண்டே போங்கள். அப்புறம் சுருளை விரித்து, அந்த ஒரு வரிக் குறிப்பைப் படியுங்கள்.

போர்த்திக்கொள்ள முடியாத போர்வை என்ற பேச்சு உங்களை எவ்வளவு தைத்திருக்கிறது என்று புரிகிறது. ஹாரியட் பவர்ஸைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837-ல் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின், விவசாயக் குடும்பத்தை நடத்திக்கொண்டே, பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்து ஒரு க்வில்ட் செய்தார். 1886-ல் ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில வருடம் கழித்துப் பண நெருக்கடியில் ஐந்து டாலருக்கு அதை விற்க நேர்ந்தது. விற்றபின்னும் அதைப் பார்க்க அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் போய்வந்தார். ஒவ்வொரு காட்சிக்கும் என்ன அர்த்தம் என்று அவர் சொன்னதை ஆசிரியை எழுதிவைத்தார். இன்று அந்த க்வில்ட் வாஷிங்டனில், அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அவருடைய இன்னொரு க்வில்ட் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். போர்த்திக்கொள்ளவா அவர் அதைச் செய்தார்? தனக்குத் தெரிந்த உலகத்தைத் துணியில் சொல்லச் செய்தார். வீட்டில் அடுத்த முறை கேட்டால் வாதம் செய்யாதீர்கள். "இது படம். நான் பார்த்த வானம்" என்று சொல்லி, ஒரு பட்டையையாவது மாட்டிக் காட்டுங்கள். அதற்கு மேல் கேட்டால், பார்க்கட்டும், கேட்கட்டும். கேட்டவர் மனம் மாறினாலும் மாறாவிட்டாலும் நீங்கள் தைக்கலாம்.

சிவப்புத் துணி விஷயம். சுவரில் மாட்டும் க்வில்டைத் துவைக்கத் தேவையே இல்லை. வருடத்தில் ஓரிரு முறை மேலே ஒரு வலைத்துணியை வைத்து, வேக்வம் கிளீனரைக் குறைந்த இழுவிசையில் ஓட்டித் தூசியை எடுத்தால் போதும். நேர் வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள், அடர் நிறங்கள் வெயிலில் வெளுக்கும். ஆனாலும் சாயத்தை இப்போதே சோதித்துவிடுவது நல்லது, ஏனென்றால் தைக்கும்போதே ஈரம் படும்: நீராவி இஸ்திரி, தையலுக்குக் கோடு போட்ட, தண்ணீரில் அழியும் பேனாவின் தடத்தை நீக்கத் தெளிப்பது, இப்படி. மிச்சத் துணியில் ஒரு சிறு துண்டை நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் வைத்து அழுத்தி, காயும்வரை விடுங்கள். கறை பட்டால், இன்னும் தைக்காத சிவப்புத் துணியைத் தனியாக அலசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் வேறு சிவப்பு தேடுங்கள். ஏற்கெனவே இணைத்துவிட்ட பகுதியில் தண்ணீர்ப் பேனாவை விட்டுவிட்டு, துணி நிறத்துக்கு எடுப்பாகத் தெரியும் தையல் சாக்கட்டியால் லேசாகக் கோடு போடுங்கள். உலர்ந்த துணியால் தட்டினாலே அது போய்விடும். பேனாக் கோடு ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள், சூடு பட்டால் அந்த மை நிரந்தரமாகப் பதிந்துவிடக்கூடும்.