மறு: அம்மாவின் சிபிசிடி ஸ்கேனுக்கு ரேடியாலஜிஸ்ட் அறிக்கை தேவையா?

வணக்கம். மல்லேஸ்வரத்தில் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்), சிபிசிடி (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேன் தாளில் 'எலும்பு உயரம் 11 மி.மீ.' என்று மட்டும் இருக்கிறது, கையெழுத்தில்லை, டாக்டர் 10 மி.மீ. நீள இம்பிளான்ட் போடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேனைப் படித்துச் சொல்லும் நிபுணர், தரும் அறிக்கை தேவைதான்.

அந்த 11 எங்கிருந்து எதுவரை? கீழ்த் தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாயின் மேல் விளிம்பு வரை என்றால், அதற்கு மேல் 2 மி.மீ. விடுவது வழக்கம். 10 போட்டால் மிச்சம் 1 தான். டிரில்லின் கூர்முனையும் ஆழக் குறியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கும். எலும்பின் உச்சி கத்தி முனைபோல் மெலிந்திருந்தால், அதைச் சமப்படுத்தும்போது உயரம் இன்னும் குறையும். நரம்பில் பட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாகவே.

இப்படிப்பட்ட எண்ணைப் பல இடங்களில் டெக்னீஷியனே குறித்துவிடுவார். ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படம் சாய்ந்திருந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும். பக்கத்துப் பல்லில் உலோக கேப் இருந்தால் படத்தில் கருங்கோடுகள் விழும். அது நிழலா, எலும்பு அரிப்பா என்று பிரித்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும்.

மறுபடி ஸ்கேன் வேண்டாம். ஸ்கேன் எடுத்த இடத்தில் தந்த சிடி வட்டில் டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் முழு மூலத் தரவு) இருக்கிறதா பாருங்கள், ஜேபெக் படங்கள் போதாது. பெங்களூரின் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஓரல் மெடிசின் அண்ட் ரேடியாலஜி துறை இருக்கும், அதில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்தவரிடம் கொடுங்கள். உயரம், அகலம், தாடை எலும்பின் நாக்குப் பக்கக் குழிவு மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பல் இருக்கும் இடம் மட்டுமல்ல, ஸ்கேனில் பதிவான முழுப் பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி என்று தாளில் ஹெச்யூ (ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு) எண் இருந்தால் அதை நம்பாதீர்கள், சிபிசிடியில் அது சரியாக வராது.