கேளுங்க, சொல்றோம்: கிரேட் டிவைட் போக என்ன சைக்கிள்?

கேள்வி: கனடால இருந்து மெக்சிகோ பார்டர் வரைக்கும் போற கிரேட் டிவைட் மவுண்டன் பைக் ரூட்டை முழுசா ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசைங்க. என்கிட்ட இருக்கறது ஹார்ட்டெயில், முன்னாடி மட்டும்தான் சஸ்பென்ஷன். இது தாங்குமா, இல்ல ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கிடவா? எப்ப கிளம்பலாம்?
- வாசகர், கால்கரி

பதில்: வாங்காதீங்க, ஹார்ட்டெயிலே தாராளம். பேர்ல மவுண்டன் பைக்னு இருக்கறதால பாறையா இருக்கும்னு நினைச்சுடறோம், ஆனா அட்வென்ச்சர் சைக்ளிங் அசோசியேஷன் 1990கள்ல இதைப் போட்டப்பவே பெரும்பாலும் காட்டுக்குள்ள போற மண் ரோடு, ஜல்லி ரோடாப் பாத்துதான் கோத்திருக்காங்க. கஷ்டமெல்லாம் தூரத்துலயும் ஏத்தத்துலயும்தான். கனடால இருக்கற பான்ஃப்ல இருந்து மெக்சிகோ பார்டர்ல இருக்கற ஆன்டிலோப் வெல்ஸ் வரைக்கும் 4,300 கிலோமீட்டருக்கு மேல, கொலராடோல இண்டியானா பாஸ்ங்கற மலைக் கணவாய் வர்றப்ப 3,600 மீட்டர் உயரத்துக்கு ஏறியிருப்பீங்க.

நான் பயப்படச் சொல்றது நியூ மெக்சிகோ சேத்துக்குத்தான். அங்க மழை பெஞ்சா ரோட்டுக் களிமண்ணு பசை மாதிரி ஆயிடும், பத்தடி உருட்டறதுக்குள்ள டயர்ல அப்பி, ஃபோர்க் இடுக்குல அடைச்சு சக்கரம் சுத்தவே மாட்டேங்கும், அப்பவும் விடாம மிதிச்சீங்கன்னா பின்னாடி கியர் மாத்தற டீரெய்லர் முறுக்கிட்டு ஸ்போக்குக்குள்ள போயிடும், அதோட பயணம் நின்னுச்சு. தயவுசெஞ்சு மிதிக்காதீங்க! இறங்கி, குச்சியால சுரண்டி, ஓரமா புல்லு இருக்கற பக்கம் தூக்கிட்டுப் போய் வச்சுட்டு உக்காந்துடுங்க, நல்ல வெயில் அடிச்சா அதே ரோடு சில மணி நேரத்துல இறுகிடும். சஸ்பென்ஷனுக்கு வச்சிருக்கற காசுல டீரெய்லரை ஃபிரேம்ல மாட்டற ஹேங்கர் ஸ்பேரா ஒண்ணும் ரெண்டு மடக்கற தண்ணிப் பையும் வாங்கிக்கோங்க.

தண்ணிப் பை எதுக்குன்னா, வயோமிங்ல கிரேட் டிவைட் பேசின்னு ஒரு பொட்டல் வரும், அங்க விழற மழை எந்தக் கடலுக்கும் போகாது, அங்கயே வத்திடும். நிழல் கிடையாது, கடை கிடையாது, எதிர்க்காத்து வேற. அதுக்கு முன்னாடி வர்ற அட்லாண்டிக் சிட்டிங்கற சின்ன ஊர்ல கையில இருக்கறதெல்லாம் ரொப்பிட்டுத்தான் கிளம்பணும், எடை பாக்காதீங்க.

வடக்குல இருந்து தெற்க போறதா இருந்தா ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பம் சரியா இருக்கும், அதுக்கு முன்னாடி மேல பாஸ்ல பனி கிடக்கும், ரொம்பத் தள்ளிட்டா கொலராடோல அடுத்த பனி வந்துடும். கரடி வந்தா விரட்டற ஸ்ப்ரேயை மட்டும் மூட்டைக்குள்ள அடியில போட்டுடாதீங்க, ஹேண்டில்பார்லயே கைக்கு எட்டற மாதிரி மாட்டுங்க.