வளர்ச்சிக் காரணிப் போத்தலுக்கு முன் ஒரு பஞ்சு நுனி

கேள்வி: தம்பலகாமத்தில் சூடடிக்கும்போது அம்மாவின் கண்ணில் உமி பட்டது. வயது 58, நீரிழிவும் உண்டு. மூன்று கிழமையாகியும் கருவிழிக் காயம் மூடவில்லை. நோ இல்லை என்கிறா. திருகோணமலையில் ஒருவர் “வளர்ச்சிக் காரணி” சொட்டு மருந்தை இந்தியாவிலிருந்து எடுத்துத் தருவாராம், காசு முற்பணமாக வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். மூன்று கிழமைக் காயத்தைவிட, “நோ இல்லை” என்று நீங்கள் எழுதியதுதான் யோசிக்க வைக்கிறது.

கருவிழியின் மேல்தோல் ஐந்தாறு கல அடுக்குதான். சின்னக் கீறல் இரண்டு மூன்று நாளில் மூடிவிடும். ஓரத்துக் கலங்கள் முதலில் வழுக்கி நகர்ந்து இடைவெளியை மூடும், பெருகுவது பிறகு. இதைத் தொடக்கிவைப்பது வளர்ச்சிக் காரணி. அது உரமல்ல, ஒரு தகவல். கண்ணீரிலேயே இருக்கிறது. கலத்தின் மேலுள்ள வாங்கியில், அதாவது தகவலைப் பிடிக்கும் புரதத்தில், வந்து ஒட்டும். இரண்டு வாங்கிகள் சோடி சேரும். அவற்றின் உட்பக்க வால்களில் பொசுபேற்று என்ற இரசாயனக் கூறு ஏறும். “நகரு, பிரி, சாகாதே” என்ற கட்டளைகள் உள்ளே ஓடும். வேலை முடிய அந்த வாங்கியையே கலம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கூட விட்டால் கெதியாக ஆறும் என்ற கணக்கு சரிவராது. கந்தளாய்க் குளத்தைத் திறந்துவிட்டு வாய்க்காலை அடைத்து வைத்தால் தம்பலகாமத்து வயலுக்கு என்ன போகும்?

அம்மாவின் வாய்க்கால் பெரும்பாலும் நரம்பில் அடைபட்டிருக்கும். கருவிழி நரம்பின் வேலை உணர்வது மட்டுமல்ல. மேல்தோலை வாழவைக்கும் பொருட்களையும் அது சுரக்கிறது. நீரிழிவில் அது மரத்துப்போனால் நோவும் வராது, காயமும் ஆறாது. வைத்தியர் சோதிப்பது சுலபம்: பஞ்சு நுனியை மெல்லிய திரியாக முறுக்கி, பக்கத்திலிருந்து கொண்டுவந்து, இமை மயிரில் படாமல் கருவிழியைத் தொட வேண்டும், மற்றக் கண்ணோடு ஒப்பிட வேண்டும். மரக்கவைக்கும் மருந்து விட முன்னரே செய்ய வேண்டும், விட்டபிறகு செய்தால் பயனில்லை. அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் துண்டுக்குத் துண்டு மருந்து மாற்றி எழுதி, கடைசியில் கொழும்புக்குக் கடிதம் கொடுப்பதற்குப் பெயர் சிகிச்சையா?

மரத்த கண்ணுக்கு உண்மையாகவே ஒரு வளர்ச்சிக் காரணி மருந்து உண்டு, செனெகர்மின். நரம்பு வளர்ச்சிக் காரணியின் செயற்கை வடிவம். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை, நாளுக்கு 6 துளி, 8 கிழமை. பாமசியில் உறைநிலையிலும் வீட்டில் 2–8 பாகையிலும் வைக்க வேண்டும். திறந்த குப்பிக்கு 12 மணித்தியாலம்தான் ஆயுள். பொலித்தீன் பையில் பஸ்ஸில் வரும் போத்தல் அதுவாக இருக்க முடியாது. இருந்தாலும் அந்தப் புரதம் வெக்கையில் கெட்டிருக்கும். லேபலில் எந்தக் காரணி என்றே இல்லாவிட்டால் இன்னும் மோசம். ஒரு காரணி காயத்தை மூடச் சொல்லும், இன்னொன்று தழும்பு போடச் சொல்லும்.

இப்போது செய்ய வேண்டியது: உமி பட்ட கண் என்பதால் முதலில் காயத்தில் சுரண்டி எடுத்துப் பங்கசு (பூஞ்சைக் கிருமி) இருக்கிறதா என்று வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியும்வரை ஸ்டீரொய்ட் துளி வேண்டாம், பாமசிக்காரர் “நல்ல மருந்து” என்று தந்தாலும் வேண்டாம். பாவிக்கும் போத்தல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பென்சல்கோனியம் குளோரைட்டு என்ற, கெடாமல் காக்கும் பொருள் சேர்ந்த துளியை நாளுக்கு ஏழெட்டுத் தடவை விட்டால், மூட வரும் கலங்களையே அது கொல்லும். அதில்லாத செயற்கைக் கண்ணீர் கேளுங்கள். கிருமி இல்லையென்று தெரிந்தபின் இரவில் களிம்பு பூசி இமையை மூடி ஒட்டிவிடலாம்.

கிருமி இல்லையென்று உறுதியானபின் அம்மாவின் சொந்த இரத்தச் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) உப்புநீரில் 20 வீதமாக்கி விடுவது பற்றிக் கேளுங்கள். காரணிகள் பல அதிலேயே உண்டு. தாய்ப்பாலிலும் உண்டுதான், கூடவே கிருமியும் உண்டு, அதை விடாதீர்கள். இவற்றுக்கும் மூடாவிட்டால் இமையின் ஓரத்தைச் சில காலம் தைத்துவிடுவார்கள். பார்க்க வடிவில்லை, ஆனால் பலன் தரும்.

கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றே வாட்டுக்குக் கொண்டுபோங்கள். நோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்தக் கண் நோவைச் சொல்லாது.