மருத்துவமனையில் போனிலேயே மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார், கைபேசியில் செயலியும் இருக்கிறது. அப்புறம் ஆங்கிலம் தெரியாத நோயாளிகளுக்கு உதவ எதற்கு வயதான தன்னார்வலர்கள்?

நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: கட்டாயம் வேண்டும்.

நியூயார்க்கில், ப்ரூக்ளினின் ப்ரைட்டன் பீச் பக்கம் ஒரு கிளினிக்கில் மருந்தாளுநராக இருக்கிறேன். 'லிட்டில் ஒடெசா' என்று பெயரெடுத்த, ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் நிறைந்த வட்டாரம். 1970களில் சோவியத் யூனியனிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள், அந்த நாடு உடைந்த பிறகு வந்தவர்கள், 2022 போருக்குப் பின் வந்த உக்ரைன்காரர்கள் என எல்லாரும் இங்கே உண்டு. எங்களிடம் வரும் தன்னார்வலர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பொறியாளர்கள். ஒரு காலத்தில் இதே ஊரில் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் நின்றவர்கள்.

ஒரு பாட்டிக்கு 81 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருந்தோம். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் 2க்கும் 3க்கும் நடுவில் வரவேண்டும். அவருக்கு 1.4ஐத் தாண்டவில்லை. இரண்டு முறை அளவைக் கூட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் போன் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டேன்: "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" "இல்லை." மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் கிடையாது.

மூன்றாம் முறை, எங்கள் தன்னார்வலர் ஒருவர் பாட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 72 வயது, பழைய வேதியியல் ஆசிரியை. பாட்டியை அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாக அழைத்தார். ரஷ்ய மொழிக்காரர்களிடம் அப்படித்தான் வழக்கம். அப்புறம் மூக்கை லேசாக உறிஞ்சிவிட்டு ஏதோ கேட்டார். பாட்டி சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய பழுப்பு நிறக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். கோர்வலோல். புதினா நெடி அறை முழுக்கப் பரவியது. வேளைக்கு 30 சொட்டு தண்ணீரில் விட்டு, தினம் மூன்று வேளை, பல வருடமாகக் குடிக்கிறாராம். "இது மருந்தா என்ன? நெஞ்சு படபடத்தால் எல்லாரும் குடிப்பதுதானே!"

அதில் ஃபீனோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. அவர் பிறந்த ஊரிலோ வீட்டுக்கு வீடு இருக்கும் சொட்டு. வார்ஃபரினைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்யும். நான் கேட்டதும் சரி, அவர் சொன்னதும் உண்மை. அவருடைய 'மருந்து'க்குள் அந்தக் குப்பி வரவே இல்லை, அவ்வளவுதான். செயலி எப்படி அந்த வாசனையைப் பிடிக்கும்?

உடனே நிறுத்தவும் முடியாது. சட்டென்று விட்டால் உடம்புக்கு ஆகாது, வார்ஃபரினும் எகிறி ரத்தப்போக்கு வரலாம். மருத்துவரோடு பேசி, அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் குறைத்தோம். ஆசிரியை தினமும் சாயங்காலம் போன் போட்டு இன்று எத்தனை சொட்டு என்று கேட்பார்.

இன்னொன்று. ரஷ்ய மொழியில் 'அங்கீனா' என்றால் தொண்டையில் டான்சில் வீங்குவது. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 'அஞ்சைனா', இதயத்தில் வரும் நெஞ்சுவலி! "சின்ன வயதில் அடிக்கடி அங்கீனா வரும்" என்று படிவத்தில் எழுதிக்கொடுத்தவரை இதய நோயாளி என்றே குறித்து வைத்திருந்தார்கள். அதையும் பிடித்தது ஒரு தன்னார்வலர்தான். சொந்த ஊரிலிருந்து கொண்டுவரும் பழைய ரத்தச் சர்க்கரைக் கணக்கு, அங்கே அலகு வேறு என்பதால், 7.2 என்று இருக்கும். 18ஆல் பெருக்கினால்தான் இங்கே புரியும் 130 வரும். இதையெல்லாம் அவர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் மருத்துவர் நோயைச் சொல்லும் நேரத்தில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் பேசவேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் அடிப்படையில், மத்திய அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் மொழி உதவியை இலவசமாகத் தரவேண்டும். அவசர நேரம் தவிர, சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016 அரசு விதி சொன்னது. பேரன் முன்னால் எந்தப் பாட்டி சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்வார்?

நல்ல மனசே இடைஞ்சலாவதையும் பார்த்திருக்கிறேன். புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதை ஒரு தன்னார்வலர் "கட்டி ஒன்று இருக்கிறது, சரியாகிவிடும்" என்று மாற்றிச் சொல்லிவிட்டார். சோவியத் காலத்தில் அதை நோயாளியிடம் மறைத்துக் குடும்பத்தாரிடம் மட்டும் சொல்வது பழக்கம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அந்த மனிதருக்குத் தன் நோய் தெரியாமலே ஒரு வாரம் போய்விட்டது. அன்றிலிருந்து மருத்துவர் அறைக்குள் மொழிபெயர்ப்பாளர், அதற்கு முன்னும் பின்னும் தன்னார்வலர் என்று வைத்துக்கொண்டோம்.

இப்போது புதிதாக யார் வந்தாலும் அந்த வேதியியல் ஆசிரியை முதலில் கேட்பது நோயைப் பற்றி இல்லை. "ரஷ்ய மொழியில் பேசலாமா, உக்ரேனிய மொழி வேண்டுமா?" உக்ரைனின் கார்கிவ் நகரத்திலிருந்து வந்த பலர் பிறந்ததிலிருந்து ரஷ்ய மொழி பேசியவர்கள்தான். ஆனாலும் சிலர் தலையை ஆட்டி உக்ரேனிய மொழிதான் என்பார்கள். ஏன் என்று அவர் கேட்பதில்லை. எழுந்துபோய் அந்த மொழிக்காரருக்குப் போன் போடுவார்.