மாதம் இரண்டு தடவை கோடநாடு வரை

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. ஊருக்குக் கிளம்பிய ஒரு தோட்டத்து துரையிடம் அவர் 1974-இல் வாங்கிய 1966 மாடல் எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் ஷெட்டில் நிற்கிறது. மீட்டரில் 61,000 மைல். ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பேன், ரோட்டுக்கு எடுப்பதில்லை. ஒவ்வொரு மைலுக்கும் விலை இறங்கும், தொடாதே என்கிறார் மச்சான். ஓட்டாத கார் எதுக்குப்பா என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?”

உங்கள் மகள் சொல்வதுதான். ஆனால் இந்த வாரமே சாவியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள், இடையில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடத்தை நிறுத்துங்கள். மலையில் பழைய கார் வைத்திருக்கிற பாதிப் பேர் இதைத்தான் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். குளிர்ந்த எஞ்சினில் அது தண்ணீராகி அடியில் இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நன்றாகச் சூடாகி முக்கால் மணி நேரமாவது ஓடினால்தான் அந்த ஈரம் ஆவியாகிப் போகும். நீங்களோ அதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். போதாக்குறைக்கு, சோக் இழுத்தபடி ஓடும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு போகிறது. சந்தேகம் இருந்தால் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். கடைந்த வெண்ணெய் மாதிரி வெளுத்த பசை ஒட்டும். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருக்கின்றன. சைலன்சரும் இதே காரணத்தால்தான் உள்ளேயிருந்து துருப்பிடிக்கிறது. ஓட்டினால் முழுதாக ஓட்டுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

சரி, ஓட்டும் நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எஞ்சினைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. அதிலும் கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதிதான் முதுகெலும்பு. மேல்கூரை இல்லாத வண்டியில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். ஈரம் தங்குவதும் அங்கேதான். பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். கதவைச் சாத்தி, அதன் பின் ஓரத்துக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் மேலும் கீழும் ஒரு அஞ்சலட்டையை மடித்துச் செருகி, எத்தனை மடிப்பு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சில்லில் இருக்கும் ஜாக் இடத்தில் ஜாக் வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் மட்டும் தலையை விட வேண்டாம். மறுபடி அஞ்சலட்டை. மடிப்புக் கணக்கு மாறாமல், கதவும் முன்போலவே திறந்து மூடினால் எலும்பு நன்றாக இருக்கிறது. இடைவெளி மாறினாலோ, கதவு இறுகிக்கொண்டாலோ ஓட்டும் பேச்சே வேண்டாம், டிங்கரிங் வேலை முதலில். ஜாக்கே ‘கறுக்’ என்று உள்ளே இறங்கினால் பரிசோதனை அத்தோடு முடிந்தது. துணி சுற்றிய காந்தம் ஒன்றையும் சில் நெடுக நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது தகடு இல்லை, பட்டி.

இந்தச் சோதனையில் தேறினால் அடுத்தது பிரேக். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். பட்டறை தொடங்கிய புதிதில் என்னுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் மிதித்தேன். பெடல் பஞ்சு போலத் தரைவரைக்கும் போய்விட்டது. இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து மண்சரிவில் உரசித்தான் நிறுத்தினேன். அரை மணி நேரம் உட்கார்ந்து, கை நடுக்கம் நின்ற பிறகு மிதித்துப் பார்த்தால் பெடல் ஒன்றுமே நடக்காதது போலக் கெட்டியாக இருக்கிறது! குழாய் ஒழுகவில்லை, சீல் கிழியவில்லை. பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகி, ஆறியதும் திரும்ப ஆயிலாகிவிட்டது. நாலு வருடமாக மாற்றாத ஆயில், தப்பு என்னுடையதுதான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம்தான் உங்கள் உயிர். தவிர 1966 எம்.ஜி.பி-யில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். இன்றைய கார்களைப் போல ஒன்று போனால் இன்னொன்று என்பது கிடையாது. அதனால் ரப்பர் ஹோஸ்களையும் மாஸ்டர் சிலிண்டர் சீல்களையும் வெளியே எப்படித் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கீழே சமவெளியில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்வார்கள். நம் ஊர் மூடுபனிக்கு வருடம் ஒரு தடவை மாற்றுங்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அதன் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பத்து வருடம் தாண்டிய டயரைத் தயங்காமல் கழற்றுங்கள்.

கார்புரேட்டருக்கு வருகிறேன். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்று மெலிவு, அதனால் கீழே சரிபார்த்த வண்டி இங்கே பெட்ரோலை அதிகமாகக் குடித்துப் புகை கக்கும். இதிலுள்ள இரட்டை எஸ்.யூ கார்புரேட்டர்களை எஞ்சின் சூடான பிறகு சரிபார்ப்பது சுலபம். பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பின்னை மேலே தள்ளி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். அடியில் உள்ள நட்டை மேல்நோக்கி ஒவ்வொரு பட்டையாக (நட்டின் ஒரு பக்கம் அளவு) திருப்ப வேண்டும். இழுத்து அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி லேசாகக் கூடிப் பழையபடி ஆனால் கையை எடுத்துவிடுங்கள்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்துப் பிய்க்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்திலேயே நின்றுவிட்டது, இந்த எஞ்சினின் ஹெட்டோ வால்வு உட்காரும் சீட் தேயாமல் இருக்க ஈயத்தை நம்பிச் செய்தது. வால்வு இடைவெளி 15 தவ் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 15 பங்கு) இருக்க வேண்டும். பார்க்கும்போதெல்லாம் குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட் தேய்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் போட்டால் போதும், இப்போது பதற வேண்டாம். அப்புறம், மாற்றி வைத்திருந்தால் ஒழிய இந்த வண்டியில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். புதிதாக வரும் எலக்ட்ரீஷியனிடம் பேட்டரியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மச்சானின் கணக்குக்கு வருவோம். 36 மட்டுமே செய்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ-வுக்கு அவர் சொல்வது பொருந்தலாம். எம்.ஜி.பி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி. 61,000 மைல் 65,000 ஆனதற்காக யாரும் விலையைக் குறைக்க மாட்டார்கள். தேய்கிற உதிரிப்பாகம் எல்லாம் இங்கிலாந்தில் புதிதாகவே கிடைக்கிறது, முழு பாடிகூட. கிடைக்காதது அந்தக் காலத்துப் பெயின்ட், சீட்டின் பழைய தோல், கருவிப்பை, உங்கள் அப்பாவின் 1974 ரசீது. பாதுகாக்க வேண்டியது அதைத்தான். ஓட்டாமல் மூடி வைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் கை அரித்துப்போய் மறுபெயின்ட் அடிக்கிறார்கள். விலையைக் கெடுப்பது அந்தப் பெயின்ட்!

ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துருவின் வேகம் எகிறும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உங்கள் ஷெட்டில் ஒரு ஈரப்பதமானியை மாட்டினால் அதற்குக் கீழே முள் இறங்குவது அபூர்வம். தார்ப்பாய் போட்டு இறுக மூடுவதைவிட மூடாமலே விடலாம்; மூச்சு விடும் துணி உறை போதும். தரை மண்ணாக இருந்தால் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

ஓட்டுவதற்கு உங்கள் வாசலிலேயே நல்ல ரோடு இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். போய் வந்தால் ஆயில் நன்றாகச் சூடாகும், மேட்டுப்பாளையம் இறங்கும் மலைச்சாலை போலப் பிரேக்கைச் சாகடிக்காது. மாதம் இரண்டு தடவை, மழையில்லாத நாளில், காலை ஒன்பதுக்கு மேல் கிளம்புங்கள். அந்தி வேளை வேண்டாம். காட்டுமாடு ரோட்டில் நிற்கும், அதன் நெற்றி உயரமும் இந்த வண்டியின் கண்ணாடி உயரமும் ஒன்று. மேட்டுப்பாளையம் இறங்குவதைப் பிரேக் வேலை முடிந்து ஆறு மாதம் பழகிய பிறகு யோசிக்கலாம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கடைசியாக ஆர்.சி. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடச் செல்லுபடி. கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம்; வழக்கமான ஓட்டத்துக்கு அல்ல. பெட்ரோல் போடப் போனேன் என்று மாதம் இரண்டு தடவை கோடநாட்டில் நின்றால் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் பழைய ஆர்.சி இன்னும் செல்லுபடியில் இருந்தால் அதையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஜாக் வைக்கிற அன்றைக்கே அவளையும் பக்கத்தில் நிறுத்தி, அஞ்சலட்டையை அவள் கையில் கொடுங்கள்.